கார்ப்பல் டனல் சத்திரசிகிச்சை: நோயாளிக்குக் குடுக்கிற தாளில் பிழை பிடிச்சுத் தாங்கோ

வெள்ளவத்தை இயன்மருத்துவம்:

கார்ப்பல் டனல் எண்டால் மணிக்கட்டுக் குகைக்குள் மீடியன் நரம்பு நெருக்குப்படுற வருத்தம். அதுக்குச் சத்திரசிகிச்சை செய்ய முதல் நோயாளி கையில் குடுக்கிற ஒரு பக்கத் தாள் இது. அச்சுக்குப் போக முதல் இங்கே போடுறேன்.

அ) விரல்கள் விறைத்தால் அது கார்ப்பல் டனல்.
ஆ) கமரா மூலம் செய்யும் முறை நவீனமானது, தழும்பு சிறியது, ஆகவே சிறந்தது.
இ) சத்திரசிகிச்சைக்குப் பின் இரண்டு கிழமை கையை அசைக்க வேண்டாம்.
ஈ) விறைப்பு உடனே போய்விடும்.

தயவு தாட்சண்யம் பாக்க வேண்டாம்.

மின்னோட்டம்:

நாலும் பிழை. நான் (அ) வை மட்டும் பாக்கிறேன், மற்றதுகளை வெட்டுகிறவை பாக்கட்டும்.

எந்த விரல் எண்டதுதான் கேள்வி. மீடியன் நரம்பு பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் நடுவிரல் பக்கத்துப் பாதி, இவ்வளவுக்குத்தான் உணர்வு குடுக்குது. மோதிரவிரல் ஒரு பக்கம் விறைச்சு மற்றப் பக்கம் நல்லா இருந்தால் அதைவிட நல்ல தடயம் இல்லை. சின்னவிரல் விறைச்சால் முழங்கையில், சின்னவிரலுக்குப் போற அல்னார் நரம்பைத் தேடுங்கோ. பெருவிரலுக்குக் கீழே உள்ளங்கைச் சதை மேட்டுத் தோலும் விறைச்சால் சந்தேகப்படுங்கோ: அந்தத் தோலுக்குப் போற கிளை மணிக்கட்டுக்குக் கிட்டத்தட்ட 5 செ.மீ. மேலேயே பிரிஞ்சு, குகைக்கு வெளியால போகுது. குகைக்குள் நெருக்கம் எண்டால் அது தப்பியிருக்க வேணும். கழுத்து நோவோடு வந்து, தலையைத் திருப்பப் பெருவிரலுக்கு மின்னல் அடிச்சால் கழுத்து எலும்பைப் பாருங்கோ. ரெண்டும் சேர்ந்து இருக்கிறதும் உண்டு.

அடுத்தது நரம்புக் கடத்தல் பரிசோதனை, அதாவது நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு கெதியாப் போகுது எண்டு அளக்கிறது. ஏசி பஸ்ஸில் வந்து, ஏசி அறையில் அரை மணித்தியாலம் காத்திருந்த கை 28 பாகையில் இருக்கும். குளிர்ந்த நரம்பு மெதுவாகத்தான் கடத்தும். ஒரு பாகைக்குக் கிட்டத்தட்ட 0.2 மில்லிசெக்கன் தாமதம் கூடும். கையை 32 பாகைக்கு மேல சூடாக்காமல் எடுத்த அறிக்கையை நம்பி வெட்டக் கூடாது. தனி எண்ணை விட ஒப்பீடு முக்கியம்: மோதிரவிரலுக்கு மீடியனாலயும் அல்னாராலயும் போற தாமதங்களுக்கிடையில் 0.5 மில்லிசெக்கனுக்கு மேல வித்தியாசம் இருக்கோ எண்டு பாருங்கோ. சீனி வருத்தக்காரருக்கு எல்லா நரம்பும் மந்தம், அவையளுக்கு ஒப்பீடு இல்லாத அறிக்கை வெறும் தாள்.

அறிக்கை நோர்மல் எண்டதுக்காக நோய் இல்லை எண்டும் ஆகாது. இரவில் விறைச்சு எழும்பி, கையை உதறினால் சுகம் எண்டு சொல்லுற ஆளை நம்புங்கோ.

கத்தியும் நூலும்:

மின்னோட்டம் சொன்னதுக்கு ஒரு வரி சேர்க்கிறேன். தாளில் "எப்போது தாமதிக்கக் கூடாது" என்று தனியாக இருக்க வேண்டும். விறைப்பு வந்து வந்து போகாமல் நாள் முழுக்க நிற்பது, சட்டைப் பொத்தான் போட முடியாமை, பெருவிரல் மேட்டுச் சதை குழி விழுவது. உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, பெருவிரலை முகட்டை நோக்கி நிமிர்த்தச் சொல்லி, அதை உங்கள் விரலால் அமுக்கிப் பாருங்கள். மற்றக் கையை விடச் சுகமாகச் சரிந்தால் இனி மணிக்கட்டுப் பட்டிக்கும் ஸ்டீரொயிட் ஊசிக்கும் நேரம் வீணாக்கக் கூடாது. குறைந்த சதை திரும்பி வரும் என்று எவரும் உறுதி தர முடியாது.

இனி வெட்டு. திறந்த முறையில் என்ன செய்கிறோம் என்பது தாள் எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சற்று விரிவாக.

மணிக்கட்டின் எட்டு சின்ன எலும்புகள் ஒரு தொட்டி மாதிரி. அதன் மூடி குறுக்கு நார்ப்பட்டை. உள்ளே விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்கள், பத்தாவதாக நரம்பு. நாங்கள் செய்வது மூடியை நெடுக வெட்டித் திறப்பது, அவ்வளவுதான். நரம்பில் கை வைப்பதில்லை.

கீறல் மோதிரவிரலின் பெருவிரல் பக்க ஓரத்துக்கு நேர் கீழே, மணிக்கட்டு மடிப்பைத் தாண்டாமல், 2.5 முதல் 3 செ.மீ. பெருவிரல் மேட்டைச் சுற்றிப் போகும் ரேகைக்குள் வெட்டினால் தழும்பு மறையும் என்று சிலர் சொல்வார்கள். அது மேற்சொன்ன உள்ளங்கைக் கிளைக்கு அண்மையில் போகிறது, நான் அந்தப் பக்கம் போவதில்லை. 15ஆம் இலக்க பிளேடால் தோல், பிறகு கொழுப்பு, பிறகு நெடுக்காக ஓடும் உள்ளங்கை மென்தகடு (மெல்லிய நார்ப்படலம்). அதற்குக் கீழேதான் குறுக்காக ஓடும் வெள்ளை நார். நெடுக்கு நாரை வெட்டிவிட்டுக் குகையைத் திறந்துவிட்டோம் என்று நினைப்பது புதியவர்கள் செய்யும் பிழை.

நார்ப்பட்டையில் ஒரு சின்னத் துளை போட்டு, மக்டொனல்ட் கருவியை உள்ளே நுழைத்து, நரம்புக்கும் கத்திக்கும் நடுவே அதை வைத்துக்கொண்டு வெட்ட வேண்டும். வெட்டு நடுவில் அல்ல, சின்னவிரல் பக்கமாகச் சாய்ந்து. காரணம், பெருவிரல் சதைக்குப் போகும் இயக்கக் கிளை பெருவிரல் பக்கமாகப் பிரிகிறது. சிலருக்கு அந்தக் கிளை நார்ப்பட்டையைத் துளைத்துக்கொண்டே வரும். நார்ப்பட்டைக்கு மேல் சிவப்புத் தசை நார்கள் நடுக்கோட்டைத் தாண்டிப் படர்ந்திருந்தால் கத்தியை வைத்துவிட்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். வழக்கத்துக்கு மாறான கிளை அங்கே இருக்கலாம்.

விரல் பக்கத்து முனைதான் சத்திரசிகிச்சையின் உயிர். மஞ்சள் கொழுப்பு தானாகப் பிதுங்கி வரும் வரை வெட்ட வேண்டும். அந்தக் கொழுப்புக்குள் உள்ளங்கை இரத்தக்குழாய் வளைவு கிடக்கிறது, அதனால் பயந்து 3, 4 மி.மீ. நாரை விட்டுவிடுகிறார்கள். "ஒப்பரேஷன் செய்தும் சுகமில்லை" என்று வருகிறவர்களில் பெரும்பாலும் மீந்திருப்பது இந்தத் துண்டு. மேல் பக்கம் முன்கை மென்தகட்டை 2 முதல் 3 செ.மீ. வரை, தோலைத் தூக்கிப் பார்த்தபடி கத்தரிக்கோலால். கடைசியில் நரம்பு ஒரு இடத்தில் உடுக்கு மாதிரி இடுங்கி இருப்பது தெரியும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்யப் போகக் கூடாது. தோலை மட்டும் நைலோனால் நாலைந்து தையல். நார்ப்பட்டையைத் தைப்பதில்லை.

வெள்ளவத்தை இயன்மருத்துவம்:

டொக்டர், அப்ப தசைநாண் உறை தடிச்சிருந்தால் வெட்டி எடுக்கிறதில்லையோ?

கத்தியும் நூலும்:

வழமையாக இல்லை. மூட்டுவாதக்காரருக்கு உண்டு. நெடுங்காலம் டயலிசிஸ் செய்பவர், அல்லது இரண்டு கையிலும் ஒரே நேரம் வந்த வயதான ஆண் என்றால் ஒரு சின்னத் துண்டு எடுத்து அமிலொயிட் என்ற படியும் புரதம் இருக்கிறதா என்று பார்க்க அனுப்புவது நல்லது. மணிக்கட்டில் படிந்த புரதம் சில வருடங்களுக்குப் பிறகு இதயத்தில் தெரிய வரலாம்.

தியேட்டர் மிஸ்ஸி:

விறைக்கப் பண்ணுறதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. ஆக்கள் கேக்கிற முதல் கேள்வியே "மயக்குவீங்களோ?" எண்டதுதான். தாளில் அதுக்குப் பதில் இருக்க வேணும்: பெரும்பாலும் மயக்கம் இல்லை, கை மட்டும் விறைக்கும், காலைமை சாப்பிடலாம் எண்டால் சாப்பிடச் சொல்லுவினம்.

டூர்னிக்கே (இரத்தம் வராமல் மேற்கையை இறுக்கிற பட்டி) கட்டாமல் செய்யிறதுக்கான கலவை, 20 மி.லீ.க்கு: 2 வீத வெறும் லிக்னோகெயின் (விறைப்பு மருந்து) 10 மி.லீ., சேலைன் 8 மி.லீ., 8.4 வீத சோடியம் பைகார்பனேட் 2 மி.லீ., ஆயிரத்துக்கு ஒன்று அட்ரினலின் 0.2 மி.லீ. கடைசியில் 1 வீத லிக்னோகெயின், அட்ரினலின் லட்சத்துக்கு ஒன்று. பைகார்பனேட் எதுக்கு எண்டால் லிக்னோகெயின் புளிப்பு, அதுதான் எரியிறது.

விபத்து எங்க நடக்கும் எண்டால் அந்த 0.2 இல. 2 மி.லீ. எண்டு காதில விழுந்தால் பத்து மடங்கு. சத்தமாச் சொல்லி, ரெண்டாம் ஆள் பாத்து, 1 மி.லீ. சிரிஞ்சில எடுக்க வேணும். இன்சுலின் சிரிஞ்சு வேண்டாம், அதில கோடு யுனிட்டில இருக்கும், அவசரத்தில கண் ஏமாத்தும். கலந்த சிரிஞ்சில உடன லேபிள்.

மயக்கமருந்து மேசை:

மிஸ்ஸியின் கணக்குச் சரி. அட்ரினலினோடு லிக்னோகெயின் கிலோவுக்கு 7 மி.கி. வரை, 50 கிலோ ஆளுக்கு 350. இந்த 20 மி.லீ.யில் இருப்பது 200, ஆகவே இடம் உண்டு.

27ஆம் இலக்க ஊசி. முதல் 10 மி.லீ. மணிக்கட்டு மடிப்புக்குச் சற்று மேலே, நரம்புக்குச் சின்னவிரல் பக்கமாகத் தள்ளி. மீதி உள்ளங்கையில் கீறல் போடும் கோட்டுக்குக் கீழே. மருந்து முன்னே போக ஊசி பின்னே போக வேண்டும், விறைத்த தோலை ஊசி முந்தக் கூடாது. விரலுக்குள் மின்சாரம் அடித்தால் ஊசியை இழுத்துவிட்டுத்தான் மருந்து. பிறகு 25 முதல் 30 நிமிடம் காத்திருங்கள். லிக்னோகெயின் அஞ்சு நிமிடத்தில் விறைக்க வைக்கும், ஆனால் இரத்தக்குழாய் நன்றாகச் சுருங்க அவ்வளவு நேரம் எடுக்கும். "அட்ரினலின் போட்டும் இரத்தம் வருது" என்கிறவர்கள் ஏழாம் நிமிடத்தில் வெட்டுகிறவர்கள். அடுத்த நோயாளிக்கும் ஊசி போட்டு வெளியே வாங்கில் இருத்திவிட்டு வந்தால் நேரமும் போகாது.

"கைக்கு அட்ரினலின் போட்டால் விரல் கறுத்துப் போகும்" என்று இன்னும் சொல்கிறார்கள். பழைய கதை அது. விரல் போன சம்பவங்கள் பெரும்பாலும் புரோகெயின் காலத்தவை. வைத்து வைத்துப் பழுதாகி அமிலமான புரோகெயின்தான் காரணம் என்று பின்னால் விளங்கியது. விரல் வெளிறி நின்றால் பென்டோலமின் 1 மி.கி. அதை மாற்றும். ஆனால் ஏற்கெனவே விரல் இரத்தோட்டம் கெட்டவர்களுக்கு, கடும் புகைகாரரின் பேர்ஜர் நோய், விரல் வெளிறி நீலமாகும் ரேனோ, இவர்களுக்கு வேண்டாம்.

டூர்னிக்கேதான் என்றால் 250 மி.மீ. பாதரசம் வழக்கம். விழித்திருக்கும் ஆள் பதினைந்து, இருபது நிமிடத்துக்கு மேல் தாங்கமாட்டார். கை நோவை விட மேற்கை நோவுதான் முறைப்பாடாக இருக்கும். டயலிசிஸுக்காக இரத்தக்குழாய்களை இணைத்த பிஸ்டுலா உள்ள கைக்குக் கட்டவே கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் தானாக நிறுத்த வேண்டாம் என்று தாளில் தடித்த எழுத்தில் போடுங்கள். இரத்தம் உறையும் அளவைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைப் பார்த்து நாங்கள் முடிவெடுப்போம்.

ஒற்றைத் துளை:

(ஆ) வுக்கு வருகிறேன். கமராவுக்காக வாதாட ஒருவராவது வேண்டுமே.

அஜீ என்பவரின் ஒற்றைத் துளை முறை 1992இல் எழுதப்பட்டது, சோவின் இரட்டைத் துளை முறை அதற்கும் முந்தியது, 1989. முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது, ஆகவே "நவீனமானது" என்ற சொல்லை முதலில் அடியுங்கள். உண்மையான இலாபம் ஒன்றுதான்: உள்ளங்கையில் கீறல் இல்லை, அதனால் முதல் சில கிழமைகளில் நோ குறைவு, பிடி வலிமை முந்தி வருகிறது, வேலைக்கு ஏறக்குறைய ஒரு கிழமை முந்திப் போகலாம். நாட்சம்பளக்காரருக்கு அந்த ஒரு கிழமை பெரிது.

கத்தியும் நூலும்:

நட்டத்தையும் சொல்லுங்கள். நரம்பு தற்காலிகமாக மந்தமாவது கமராவில் கூடுதலாகக் காணப்படுகிறது. ஒவ்வொரு கைக்கும் வீசிவிடும் பிளேட் வேறு. தேசிய வைத்தியசாலைக்குப் போனால் சிகிச்சைக்குக் காசில்லை. தனியாரில் சனல் பண்ணிப் போகிறவர் அந்த பிளேடின் விலையைத் தன் பில்லில் பார்ப்பார். மூன்று மாதம் கழித்து இரண்டு கையையும் பக்கத்தில் வைத்தால் விறைப்பைப் பொறுத்தவரை வித்தியாசம் இல்லை.

ஒற்றைத் துளை:

மறுக்கவில்லை. ஆனால் மந்தமாவதில் பெரும்பகுதி தானாக மாறிவிடுகிறது. நிரந்தரமாக நரம்பு வெட்டுப்படுவது இரண்டு முறையிலும் அரிது. கமராவில் பிழை எங்கே நடக்கிறது என்று சொல்கிறேன். மணிக்கட்டை நிமிர்த்தி, கருவியை மோதிரவிரலைக் குறிபார்த்து, கொக்கி எலும்பை உரசிக்கொண்டு செலுத்த வேண்டும். நார்ப்பட்டையின் கீழ்ப்பக்கத்தைச் சுரண்டும்போது உடுப்புத் தோய்க்கிற பலகையில் விரல் ஓட்டியது போலக் கரடுமுரடு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் நீங்கள் குகைக்கு மேலே, அல்னார் நரம்பின் வழியில் நிற்கிறீர்கள். திரையில் குறுக்கு வெள்ளை நார் ஓரம் முதல் ஓரம் வரை தெளிவாகத் தெரிய வேண்டும். உறைச் சதை தொங்கி மறைத்தால், ஒரு தரம் துடைத்துப் பார்த்தும் தெரியாவிட்டால், திறந்த முறைக்கு மாற வேண்டும். அது தோல்வி இல்லை. சம்மதப் படிவத்திலேயே அதை எழுதியிருக்க வேண்டும்.

கமரா யாருக்கு வேண்டாம்: ஏற்கெனவே அந்தக் கையில் வெட்டியவர், முறிந்து கோணலாகப் பொருந்திய மணிக்கட்டு, நிமிராத விறைத்த மணிக்கட்டு, உறை வீங்கிய மூட்டுவாதம், குகைக்குள் கட்டி.

மின்னோட்டம்:

அப்ப (ஆ) வுக்கு "எந்த முறை எண்டதை விட யார் செய்யினம், முழுக்க வெட்டினமோ எண்டதுதான் முக்கியம்" எண்டு எழுதலாமோ?

ஒற்றைத் துளை:

எழுதலாம். நான் ஒப்பமிடுகிறேன்.

கத்தியும் நூலும்:

நானும். இது அடிக்கடி நடப்பதில்லை.

தியேட்டர் மிஸ்ஸி:

ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வச்சிட்டன்.

வெள்ளவத்தை இயன்மருத்துவம்:

வெட்டாமல் சமாளிக்கிற பகுதிக்கு இரண்டு வரி போடுறேன், பிழை இருந்தால் சொல்லுங்கோ. மணிக்கட்டுப் பட்டி இரவில் ஆறு கிழமை. பாமசியில் விக்கிற பட்டியில் உள்ள உலோகத் தகடு 20, 30 பாகை மேல்நோக்கி வளைச்சிருக்கும். அதை வெளிய இழுத்து, மேசை ஓரத்தில் வச்சு நேராக்கித்தான் திரும்பச் செருக வேணும், ஏனெண்டால் கை நேராக இருக்கும்போதுதான் குகைக்குள் அமுக்கம் ஆகக் குறைவு. வளைஞ்ச பட்டியைக் கட்டிப்போட்டு "பட்டி வேலை செய்யேல்லை" எண்டு வாற ஆக்கள் கன பேர். கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் இதோட பிரசவம் வரைக்கும் இழுக்கலாம்.

கத்தியும் நூலும்:

ஸ்டீரொயிட் ஊசியையும் சேருங்கள். மெதில்பிரெட்னிசொலோன் 40 மி.கி. ஒரு தரம். சில கிழமை, சில மாதம் சுகம். பலருக்குத் திரும்ப வரும். சீனி வருத்தக்காரருக்கு ஊசிக்குப் பின் சில நாள் சீனி ஏறும், வீட்டில் பார்க்கச் சொல்லுங்கள். ஊசிக்கு நன்றாகச் சுகம் கண்டவர் வெட்டுக்கும் சுகம் காண்பார் என்பது அதில் கிடைக்கும் உபரித் தகவல். தைரொயிட் பார்க்காமல் எவரையும் தியேட்டருக்கு அனுப்ப வேண்டாம்.

வெள்ளவத்தை இயன்மருத்துவம்:

(இ) பிழை எண்டு எனக்கே இப்ப விளங்குது. பழைய தாளில் இருந்து எடுத்தது. மாத்தினது இது:

அண்டைக்குப் பின்னேரமே விரல்களை முழுக்க மடக்கி முழுக்க நீட்ட வேணும், மணித்தியாலத்துக்குப் பத்துத் தரம். கையை நெஞ்சு மட்டத்துக்கு மேல வச்சிருக்க வேணும், முதல் மூன்று நாள். பெரிய கட்டு இரண்டு மூன்று நாளில் கழரும், பிறகு சின்னப் பிளாஸ்டர். தையல் 10 முதல் 14 நாளில். காயம் ஆறின பிறகு தழும்பைத் தேங்காயெண்ணெய் தொட்டு ஐந்து நிமிடம் அழுத்தித் தேய்க்கிறது, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம். கம்பியூட்டர் வேலை ஒன்று இரண்டு கிழமையில். ஓட்டோ ஓடுறவருக்கு நாலு முதல் ஆறு கிழமை, இடக்கையில் வெட்டினவருக்கு இன்னும் கஷ்டம்: கிளட்ச்சும் கியரும் அந்தப் பிடியில்தான்.

தூண் நோவைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். வெட்டுத் தழும்பில் இல்லாமல், உள்ளங்கை அடியில் ரெண்டு பக்க மேட்டிலும் அமுக்கினால் வாற நோ. மூடியை வெட்டினதால ரெண்டு பக்கத் தசைகளும் பிடிச்சிருந்த இடம் தளர்ந்ததுதான் காரணம் எண்டு விளக்கம். மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம். இது பிழை இல்லை எண்டு முதலே சொல்லாட்டில் "ஒப்பரேஷன் பிழைச்சுப் போச்சு" எண்டு வேற டொக்டரைத் தேடிப் போயிடுவினம். இடியப்ப உரலை உள்ளங்கை அடியாலதான் அமுக்கிறது, நோகிற இடத்திலயே நேரா. ஆறு கிழமைக்கு உரலைத் தொட வேண்டாம், தேங்காய் திருவ வேண்டாம், ஈரச் சீலை பிழிய வேண்டாம்.

ஒற்றைத் துளை:

(ஈ) க்கு: இரவு நோ சில நாளில் போகும், பலருக்கு முதல் இரவே. விறைப்பு மாதக்கணக்கு. நாள் முழுக்க விறைத்திருந்த விரல் முற்றாகத் திரும்பாமலும் போகலாம். மூன்றையும் தனித்தனி வரியில் எழுதுங்கள், ஒன்றாக எழுதினால் மூன்றும் ஒரே நாளில் போகும் என்று வாசிப்பார்கள்.

திரும்பி வருகிறவரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இடையில் சுகமாக இருந்ததா? ஒரு நாளும் சுகம் இல்லை என்றால் முழுக்க வெட்டவில்லை, அல்லது நோயே அது இல்லை. சில மாதம் நன்றாக இருந்து திரும்ப வந்தால் தழும்பு நரம்பைப் பிடிக்கிறது. திரும்பத் திறந்து, சின்னவிரல் பக்கத்துக் கொழுப்பைத் திருப்பி நரம்பை மூடுவது ஒரு வழி. முன்பு இல்லாத புது நோ, புது விறைப்பு என்றால் ஏதோ ஒரு கிளை காயப்பட்டிருக்கிறது, நாள் கடத்தாமல் அனுப்புங்கள்.

கத்தியும் நூலும்:

சதை முற்றாகக் குறைந்து பெருவிரலை எதிரே கொண்டுவர முடியாதவருக்கு, அதே வெட்டில் முன்கையின் பால்மாரிஸ் லோங்கஸ் தசைநாணை உள்ளங்கை மென்தகட்டுத் துண்டோடு நீட்டி எடுத்துப் பெருவிரலுக்குத் தைக்கலாம். கமிட்ஸ் முறை. அந்தத் தசைநாண் எல்லோருக்கும் இருப்பதில்லை. பெருவிரலையும் சின்னவிரலையும் தொடவைத்து மணிக்கட்டை மடக்கி, அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள்.

மின்னோட்டம்:

ரெண்டு கையும் ஒரே நாளில் செய்யலாமோ எண்டு கேக்கிறவைக்கு?

தியேட்டர் மிஸ்ஸி:

செய்யலாம், ஆனா ஆளைப் பாத்து. சோறு வலக்கையால, கக்கூசுக்குப் போனால் இடக்கை. ரெண்டும் கட்டோட இருந்தால் ரெண்டுக்கும் ஆள் வேணும். ஒரு கை மட்டும் எண்டாலும் இதைத் தாளில போடுங்கோ: வலக்கை எண்டால் கரண்டி, கறி கட்டுக்குள்ள ஊறினால் அண்டைக்கே மருந்து கட்ட வர வேணும். இடக்கை எண்டால் ஹேண்ட் ஷவரை மற்றப் பக்கம் மாத்தி வைக்கச் சொல்லுங்கோ, கைக்குப் பொலித்தீன் பை, மணிக்கட்டுக்கு மேல ரப்பர் பாண்ட், இறுக்கமாப் போடாமல்.

இன்னொண்டு. மோதிரம், காப்பு எல்லாம் வீட்டிலயே கழட்டி வரவேணும், வீங்கின விரலில மோதிரத்தை வெட்டுற வேலை எங்களுக்கு. கோயில் நூல் கட்டியிருக்கிற ஆக்கள் தியேட்டர் வாசலில வச்சு வெட்ட விடமாட்டினம், வெட்டினால் முகம் கறுத்துப் போகும். "நூலை வெட்டவும்" எண்டு எழுதாதேங்கோ. முதல் நாள் அவிட்டு மற்றக் கையில கட்டிக்கொண்டு வரச் சொல்லி எழுதுங்கோ.

வெள்ளவத்தை இயன்மருத்துவம்:

எழுதிட்டன் மிஸ்ஸி. தாள் இப்ப ரெண்டு பக்கமாப் போச்சு.